லாங் டிரிப்புக்கு எந்த பைக் சரி? சி.சி.யைக் கேட்காதீங்க... முதுகைக் கேளுங்க!

சென்னை: தாம்பரத்தில் ராஜா மாதிரி கிளம்பியவர், திருச்சியில் இறங்கும்போது தாத்தா மாதிரி ஆகிவிட்டார். இத்தனைக்கும் வயசு 34தான்!

நம்ம நண்பர் ஒருவரின் கதை இது. பேர் வேண்டாம், வீட்டில் திட்டு விழும். ஆசை ஆசையாய் லோன் போட்டு பெரிய பைக் வாங்கினார். வாங்கிய மறுமாதமே மனைவியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு கன்னியாகுமரிக்குக் கிளம்பிவிட்டார். சுமார் 700 கி.மீ. தூரம். ஒரே நாளில் போய்ச் சேர்வதாக பிளான்.

செங்கல்பட்டு வரை ஜோர். விழுப்புரத்தில் மணிக்கட்டு மரத்துப் போச்சு. உளுந்தூர்பேட்டையில் இடுப்பு பிடித்துக்கொண்டது. பெரம்பலூர் தாண்டியதும்தான் அந்த விபரீதம். வலி தாங்காமல் நெளிந்து நெளிந்து களைத்துப் போனவருக்கு, மத்தியான வெயிலில் ஒரு நொடி கண் சொக்கிவிட்டது. மனைவி தோளில் ஓங்கி அடித்ததும்தான் விழித்தார். அதற்குள் வண்டி வெள்ளைக்கோட்டைத் தாண்டி ஓரத்து மண்ணைத் தொட்டிருந்தது.

அன்று ராத்திரி திருச்சியில் ரூம். மறுநாள் வண்டியை டேங்க்கைக் காலி செய்து ரயில் பார்சலில் ஏற்றிவிட்டு, இருவரும் ரயிலில் சென்னை திரும்பினார்கள். கன்னியாகுமரி அப்படியே நின்றுபோச்சு.

பைக்கில் ஏதாவது கோளாறா? இல்லவே இல்லை. நல்ல பைக்தான். ஆனால் அவருக்கு ஏற்ற பைக் இல்லை. அவ்ளோதான் விஷயம்!

லாங் டிரிப்புக்கு பைக் வாங்குபவர்கள் முதலில் கேட்பது எத்தனை சி.சி., என்ன மைலேஜ், டாப் ஸ்பீடு எவ்வளவு என்பதுதான். 5 மணி நேரம் உட்கார்ந்தால் உடம்பு என்ன ஆகும் என்று யாரும் கேட்பதில்லை. உடம்பு வலித்தால் களைப்பு வரும். களைப்பு வந்தால் கவனம் போகும். நால்வழிச்சாலையில் 80 கி.மீ. வேகத்தில் போகிற வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் ஓடிவிடும். ஒரு நொடி கண் அசந்தால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதனால் சொகுசு என்பது ஆடம்பரம் இல்லை, உயிர் பாதுகாப்பு.

சரி, எப்படித் தேர்ந்தெடுப்பது? வாங்க பார்க்கலாம்.

மூணு புள்ளி ரகசியம்

பைக்கில் உங்கள் உடம்பு மூன்று இடத்தில்தான் படுகிறது. ஹேண்டில்பாரில் கை, சீட்டில் இடுப்பு, ஃபுட்ரெஸ்ட்டில் கால். இந்த மூன்று புள்ளிகளும் எந்தெந்த இடத்தில் இருக்கின்றன என்பதை வைத்துத்தான் எங்கே வலிக்கும் என்பது முடிவாகிறது.

ஸ்போர்ட்ஸ் பைக்: ஹேண்டில் தாழ்வாக, ஃபுட்ரெஸ்ட் பின்னால் தள்ளி இருக்கும். உடம்பு முன்னால் சாயும். மேல் உடம்பின் பாரம் மணிக்கட்டில் இறங்கும். நிமிர்ந்து ரோட்டைப் பார்க்க வேண்டியிருப்பதால் கழுத்தும் வலிக்கும். ஈ.சி.ஆரில் ஒரு மணி நேரம் பறக்க ஓ.கே. மதுரை வரைக்கும் என்றால் கஷ்டம்.

க்ரூஸர்: சீட் தாழ்வு, கால் முன்னால் நீட்டிக்கொள்ளலாம். பார்த்தால் ஈஸிசேர் மாதிரி இருக்கும். நல்ல ரோட்டில் சுகமோ சுகம். ஆனால் இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. கால் முன்னால் இருப்பதால், பள்ளம் வரும்போது காலை ஊன்றி லேசாக எழுந்திருக்க முடியாது. குலுங்கும் குலுங்கல் எல்லாம் நேராக முதுகுத்தண்டில் ஏறும். ஏற்கனவே முதுகுவலி இருப்பவர்கள் யோசித்து வாங்கணும்.

நிமிர்ந்து உட்காரும் பைக்: ஹேண்டில் எட்டும் தூரத்தில், ஃபுட்ரெஸ்ட் கிட்டத்தட்ட இடுப்புக்கு நேர் கீழே. நம்ம ஊர் சாதாரண பைக்குகளும், அட்வெஞ்சர் டூரர் வகைகளும் இப்படித்தான். முதுகு நேராக இருக்கும், கை லேசாக மடங்கி இருக்கும், பள்ளத்தில் காலை ஊன்றி எழலாம். பெரும்பாலானவர்களுக்கு நீண்ட தூரத்துக்கு இதுதான் ஒத்துவரும்.

நம்ம நண்பர் வாங்கியது முதல் வகை. ஷோரூம் கண்ணாடியில் தன்னைப் பார்த்து மயங்கியதுதான் காரணம் என்று அவரே இப்போது ஒத்துக்கொள்கிறார்!

சீட் உயரம்... ஒரு புத்தகம் போதும்

அடுத்தது உயரம். கால் எட்டாத வண்டியை சிக்னலிலும், டீக்கடை சரிவிலும், மலைப்பாதை வளைவிலும் சமாளிப்பது பெரும்பாடு. கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு, வால்பாறை ரோட்டில் 40. அங்கே போய் நுனிக்காலில் தடுமாறினால் சிரிப்பாய்ச் சிரிக்கும்.

வீட்டிலேயே அளந்து பார்க்கலாம். வெறும் காலோடு சுவரில் முதுகை ஒட்டி நில்லுங்கள். கெட்டி அட்டை போட்ட புத்தகம் ஒன்றை இரண்டு காலுக்கும் நடுவில் வைத்து, சீட்டில் உட்கார்ந்தது போல மேலே முட்டும்வரை தூக்குங்கள். தரையிலிருந்து புத்தகத்தின் மேல் விளிம்பு வரை அளந்தால் அதுதான் உங்கள் கால் அளவு. 5 அடி 5 அங்குலம் உயரம் உள்ளவர்களுக்கு இது சுமார் 75, 76 செ.மீ. இருக்கும்.

இப்போது பைக்குகளைப் பாருங்கள். ராயல் என்ஃபீல்டு மீட்டியார் 350ன் சீட் உயரம் 765 மி.மீ. கிளாசிக் 350 என்றால் 805. ஹோண்டா ஹைனஸ் சி.பி.350க்கு 800. சுசுகி வி-ஸ்ட்ராம் எஸ்.எக்ஸ். 835. 2023ல் வந்த ஹிமாலயன் 450ல் சீட்டை 825, 845 என இரண்டு உயரத்தில் வைத்துக்கொள்ளலாம்.

கால் அளவை விட சீட் கொஞ்சம் உயரமாக இருந்தால் பயப்பட வேண்டாம். உட்கார்ந்ததும் சஸ்பென்ஷன் கொஞ்சம் இறங்கும், ஷூவும் கொஞ்சம் உயரம் தரும். இரண்டு காலின் முன்பாதமும் தரையில் நன்றாகப் பதிந்தால் போதும். ஆனால் ஒரே உயரத்தில் உள்ள இரண்டு பைக்கில் சீட் அகலமாக இருப்பதில் கால் எட்டாது, முன்பக்கம் ஒடுங்கியதில் எட்டும். அதனால் பேப்பரில் படித்ததை மட்டும் நம்பாமல் உட்கார்ந்து பாருங்கள்.

மெத்து மெத்து சீட்... ஏமாறாதீங்க!

ஷோரூமில் எல்லோரும் செய்வது ஒன்று உண்டு. சீட்டைக் கையால் அமுக்கிப் பார்ப்பார்கள். பஞ்சு மாதிரி இருந்தால் "ஆஹா" என்பார்கள். இங்கேதான் ஏமாறுகிறோம்.

ரொம்ப மெத்தென்ற ஸ்பாஞ்ச் முதல் அரைமணி நேரம் சுகமாக இருக்கும். அப்புறம் உங்கள் எடைக்கு அமுங்கி அமுங்கி அடியில் இருக்கும் பலகையையே தொட்டுவிடும். இடுப்பு எலும்பு இரண்டும் அங்கே போய் உட்காரும். கொஞ்சம் கெட்டியாக, அகலமாக இருக்கும் சீட்தான் நாலு மணி நேரம் தாங்கும். சீட் முன்னால் சரிந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். சரிந்திருந்தால் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் டேங்க்கில் போய் முட்டுவீர்கள். முன்னும் பின்னும் நகர்ந்து உட்கார இடம் இருப்பது ரொம்ப நல்லது. உட்காரும் இடத்தை மாற்றிக்கொண்டே இருந்தால் வலி தள்ளிப்போகும்.

கை மரத்துப் போகுதா?

ஒவ்வொரு இன்ஜினுக்கும் ஒரு சுபாவம் உண்டு. சில வேகத்தில் அமைதியாக ஓடும், சில வேகத்தில் நடுங்கும். நீங்கள் தினமும் போகும் வேகத்தில் அது எப்படி இருக்கிறது என்பதுதான் கேள்வி.

நால்வழிச்சாலையில் நிதானமாகப் போனால் 80 கி.மீ. அந்த வேகத்தில் டாப் கியரில் வைத்து, சைடு கண்ணாடியைப் பாருங்கள். பின்னால் வரும் லாரியின் நம்பர் தெளிவாகத் தெரிந்தால் நல்லது. எல்லாம் கலங்கலாக ஆடினால் அந்த நடுக்கம் உங்கள் கைக்கும் காலுக்கும் வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஒரு மணி நேரத்தில் விரல் மரத்துவிடும். மரத்த விரலால் அவசரத்துக்கு பிரேக் பிடிக்க முடியாது.

சின்ன இன்ஜினை அதன் முழு வேகத்துக்கு விரட்டினால் நடுக்கம் அதிகம். பெரிய இன்ஜின் அதே வேகத்தில் சாவகாசமாக ஓடும். சி.சி.யால் கிடைக்கும் உண்மையான லாபம் இந்தச் சாவகாசம்தான், டாப் ஸ்பீடு இல்லை.

முப்பந்தல் காற்றும் முழுக்கை சட்டையும்

களைப்புக்கு இன்னொரு காரணம் காற்று. 80க்கு மேல் போனால் நெஞ்சில் அடிக்கும் காற்று உங்களைப் பின்னால் தள்ளிக்கொண்டே இருக்கும். அதை எதிர்த்து ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டே போவதில் தோளும் கழுத்தும் போய்விடும். ஒரு சின்ன விண்ட்ஷீல்டு போட்டாலே வித்தியாசம் தெரியும். ஆனால் விண்ட்ஷீல்டின் உயரம் தப்பாக இருந்தால், காற்று திரும்பி நேராக ஹெல்மெட்டில் வந்து தடதடவென்று அடிக்கும். ஓட்டிப் பார்த்துத்தான் வாங்கணும்.

பக்கவாட்டுக் காற்றும் இருக்கே! நெல்லையிலிருந்து நாகர்கோவில் போகும் வழியில் முப்பந்தல், ஆரல்வாய்மொழி பக்கம் காற்றாலைகள் வரிசையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். சும்மாவா நட்டு வைத்திருக்கிறார்கள்? மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய் வழியாக, ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்று அங்கே பிய்த்துக்கொண்டு வரும். லேசான வண்டியைப் பக்கத்து லேனுக்கே தள்ளிவிடும். பின்னால் உயரமாகப் பெட்டி மாட்டியிருந்தால் இன்னும் மோசம்.

அந்த இடத்தில் வேகத்தைக் குறைத்து, முழங்காலால் டேங்க்கைப் பிடித்து, கைப்பிடியைத் தளர்த்திக்கொள்ள வேண்டும். இறுக்கிப் பிடித்தால்தான் வண்டி அலையும்.

வெயிலுக்கு ஒரு வார்த்தை. அரைக்கை சட்டையோடு போனால் தோல் எரிவதோடு உடம்பில் தண்ணீரும் வேகமாக வற்றும். முழுக்கை ஜாக்கெட்தான் நல்லது. பெரிய இன்ஜின் வண்டிகளில் டிராபிக்கில் தொடையில் அடிக்கும் சூட்டையும் வாங்குமுன் கவனியுங்கள். ஊட்டியில் தெரியாத சூடு வேலூரில் தெரியும்!

எடை, டேங்க், டயர்

எடை: ஓடும்போது கனமான வண்டி கப்பல் மாதிரி ஆடாமல் போகும். நின்றபிறகுதான் வினை. கிளாசிக் 350 எடை 195 கிலோ. சூப்பர் மீட்டியார் 650 எடை 241 கிலோ. லாட்ஜ் வாசலில் சரிவில் நிறுத்தியதைப் பின்னால் தள்ளி எடுக்க முடியுமா? ஷோரூமிலேயே இன்ஜின் ஆஃப் செய்து தள்ளிப் பாருங்கள். வெட்கப்பட வேண்டாம்.

டேங்க்: 15 லிட்டர் டேங்க், லிட்டருக்கு 35 கி.மீ. கொடுத்தால் 525 கி.மீ. கணக்கு. தமிழ்நாட்டு நெடுஞ்சாலையில் பங்க் நிறைய இருப்பதால் 13 லிட்டரே தாராளம். லடாக், ஸ்பிதி போகிறவர்கள்தான் இதைப் பற்றிக் கவலைப்படணும்.

டயர்: பங்சர் ஆனால் ட்யூப்லெஸ் டயரில் ரோட்டோரத்திலேயே பத்து நிமிடத்தில் ஒட்டிக்கொள்ளலாம். ட்யூப் போட்ட ஸ்போக் வீல் என்றால் பெரும்பாலும் சக்கரத்தைக் கழற்றணும். பார்க்க ஸ்போக் அழகு. ராத்திரி 9 மணிக்கு ஊருக்கு வெளியே நிற்கும்போது அந்த அழகு உதவாது.

ஏ.பி.எஸ்.: 125 சி.சி.க்கு மேற்பட்ட பைக்குகளுக்கு 2019 ஏப்ரல் முதல் கட்டாயம். பழைய வண்டி வாங்குகிறவர்கள் இது இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பின்னால் உட்காருபவரும் மனுஷிதானே!

நம்மூர் ஆண்கள் பைக் வாங்கும்போது பின் சீட்டைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. லாங் டிரிப்பில் பாதி வலி அங்கேதான்.

ஓட்டுகிறவருக்குப் பிடித்துக்கொள்ள ஹேண்டில் இருக்கிறது. பள்ளம் வருவது முன்பே தெரியும். பின்னால் இருப்பவருக்கு இரண்டும் இல்லை. சீட் குறுகலாக, உயரமாக, வழுக்கலாக இருந்தால் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் உங்கள் முதுகில் வந்து விழுவார். அந்தப் பாரமும் உங்கள் மணிக்கட்டுக்கே!

ஃபுட்ரெஸ்ட் ரொம்ப மேலே இருக்கிறதா? முழங்கால் ரொம்ப மடங்கினால் ஒரு மணி நேரம் தாங்காது. பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இருக்கிறதா? முதுகுக்குச் சின்ன பேக்ரெஸ்ட் போட முடியுமா? சேலை, துப்பட்டா சக்கரத்தில் சிக்காமல் இருக்க தடுப்பு இருக்கிறதா? கைப்பிடி, ஃபுட்ரெஸ்ட், தடுப்பு மூன்றும் மோட்டார் வாகன விதிப்படியே இருக்க வேண்டியவை. ஸ்டைலுக்காகக் கழற்றிவிடாதீர்கள்.

இருவராகப் போகும்போது பின் சஸ்பென்ஷனின் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் இறுக்கி வைக்கச் சொல்லுங்கள். டயர் காற்றையும் இருவருக்கான அளவில் வையுங்கள். சர்வீஸ் சென்டரில் ஐந்து நிமிட வேலை. பலருக்கு இப்படி ஒரு வசதி இருப்பதே தெரியாது.

பர்ஸுக்கும் ஒரு கோடு உண்டு

விலை விஷயத்தில் 350 சி.சி. என்பது இப்போது லட்சுமணக் கோடு மாதிரி ஆகிவிட்டது. 2025 செப்டம்பர் 22 முதல், 350 சி.சி. வரையிலான பைக்குகளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைக்கப்பட்டது. அதற்கு மேற்பட்டவைகளுக்கு 40 சதவீதம்.

சென்னைக்காரர்களுக்கு நன்கு பழக்கமான ராயல் என்ஃபீல்டின் 350 வகை வண்டிகள் 349 சி.சி., ஹோண்டா சி.பி.350 வண்டிகள் 348 சி.சி. என்பதால் கோட்டுக்குள் வந்துவிடுகின்றன. வருஷத்துக்கு இரண்டு மூன்று லாங் டிரிப், மற்ற நாளில் ஆபீஸ் என்றால் இந்த வகையே நிறைய. கோட்டைத் தாண்டுவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: அந்தக் கூடுதல் சக்தியை வருஷத்தில் எத்தனை நாள் பயன்படுத்தப் போகிறேன்?

மிச்சமாகும் பணத்தில் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள நல்ல ஹெல்மெட் இரண்டு, ஜாக்கெட், கையுறை, சேடில் பேக் வாங்குங்கள். பையை முதுகில் மாட்டிக்கொண்டு ஓட்டாதீர்கள். அந்த எடை முழுக்க தோளுக்கும் இடுப்புக்கும்தான். வண்டியில் கட்டுங்கள், அதுவும் தாழ்வாகக் கட்டுங்கள்.

டெஸ்ட் ரைடு என்றால் தெருமுனை இல்லை

ஷோரூம்காரர் கூடவே வர, தெருமுனை வரை போய்த் திரும்புவது டெஸ்ட் ரைடு இல்லை. அதில் ஒன்றும் தெரியாது. இப்படிச் செய்து பாருங்கள்.

* டிரிப்பில் போடும் அதே ஹெல்மெட், ஷூவோடு போங்கள்.

* நின்ற வண்டியில் 15 நிமிடம் சும்மா உட்காருங்கள். எங்கே உறுத்துகிறது என்பது அதிலேயே பாதி தெரிந்துவிடும்.

* பின்னால் உட்காரப்போகிறவரையும் கூட்டிப்போய் உட்கார வையுங்கள். அவர் முகத்தைப் பாருங்கள்.

* அரைமணி நேரமாவது ஓட்டக் கேளுங்கள். மேடு பள்ளம், நல்ல ரோடு இரண்டிலும் ஓட்டுங்கள்.

* இதைவிட நல்ல வழி, அதே மாடலை ஒரு நாள் வாடகைக்கு எடுப்பது. கறுப்பு நம்பர் பிளேட்டில் மஞ்சள் எழுத்து உள்ள வாடகை பைக்குகள் பெரிய ஊர்களில் கிடைக்கின்றன. மாமல்லபுரம் தாண்டி புதுச்சேரி வரை போய் வந்தால் 300 கி.மீ. மறுநாள் காலையில் எழுந்திருக்கும்போது உங்கள் முதுகே பதில் சொல்லிவிடும்!

கையில் இருக்கிற பைக்கே போதுமா?

நிறைய பேருக்குப் போதும். ஹேண்டில்பாரை மெக்கானிக்கிடம் சொல்லிக் கொஞ்சம் திருப்பினாலே மணிக்கட்டு வலி குறையும். கிளட்ச், பிரேக் லீவரை, முழங்கையிலிருந்து விரல் வரை நேர்கோடாக இருக்கும்படி வையுங்கள். சீட் கடையில் கெட்டி ஸ்பாஞ்ச் போட்டு மாற்றித் தருவார்கள். சைலன்சரை மட்டும் மாற்றாதீர்கள். அபராதமும் வரும், அந்தச் சத்தமே தலைவலியும் தரும்.

எந்த பைக்காக இருந்தாலும் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடங்கள், தண்ணீர் குடியுங்கள். ஒரு நாளைக்கு 350, 400 கி.மீ. போதும். கண் சொக்கினால் டீ குடித்துச் சமாளிக்காமல், நிழலில் படுத்து இருபது நிமிடம் தூங்குங்கள். டோல்கேட்டில் பைக்குக்குக் கட்டணம் இல்லை. நின்று நிதானமாகப் போனால் காசு ஒன்றும் குறையாது.

நண்பர் என்ன ஆனார்?

அந்த பைக்கை விற்றுவிட்டார். கொஞ்சம் நஷ்டம்தான். அடுத்த வண்டி வாங்கப் போனபோது, முதலில் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தது அவர் மனைவி. மூன்று ஷோரூம், ஐந்து வண்டி. கடைசியில் "இதுல வேணா வர்றேன்" என்று அவர் சொன்ன வண்டிதான் வீட்டுக்கு வந்தது. முந்தையதை விட சி.சி. குறைவு, விலையும் குறைவு.

போன முறை நின்றுபோன அதே ரோடு. இந்த முறை முதல் நாள் திருச்சியோடு நிறுத்திக்கொண்டார்கள். மறுநாள் மதியத்துக்கு மேல் நெல்லை தாண்டி, காற்றாலைகளுக்கு நடுவே மெதுவாக ஊர்ந்து, சூரியன் மறையும் முன் கன்னியாகுமரி கடற்கரையில் இருந்தார்கள்.

"இடுப்பு வலிக்குதா?" என்று கேட்டோம் போனில்.

"வலிச்சா சொல்ல மாட்டோமா? இருங்க, அவங்க திரும்பிப் போறதுக்குள்ள ராமேஸ்வரமும் பாத்துடணும்கறாங்க" என்றார்!